வீட்டுக்கு வீடு மாறும் பாஸ்க்

1571இல் பிரான்சின் லா ரொஷெல் துறைமுக நகரில் பாஸ்க் மொழியில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. மொழிபெயர்த்தவர் யோவானெஸ் லெய்சார்ராகா என்ற புராட்டஸ்டண்ட் போதகர். செய்யச் சொன்னவர் நவார்ரா அரசி ழான் தால்பிரே. போதகருக்கு இறையியலைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது: எந்த ஊர் பாஸ்க்கில் எழுதுவது? இந்த நாட்டில் பேச்சு ஏறக்குறைய வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று முன்னுரையிலேயே எழுதி வைத்தார். பிறகு, பல வட்டாரங்களிலிருந்து வடிவங்களை எடுத்துக் கோத்து, கூடியமட்டும் பலருக்கும் புரிகிற ஒரு நடையைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். அதுவும் கிழக்குக் கோடியில் இருக்கும் சுபெரோவா மக்களுக்கு எட்டாது என்ற சந்தேகம் போலிருக்கிறது. அவர்களுக்கென்றே பின்னால் ஒரு சொற்பட்டியல் சேர்த்தார்.

இத்தனைக்கும் பாஸ்க் பேசப்படும் நிலம் அப்படி ஒன்றும் பெரிதல்ல. பிரனீஸ் மலைத்தொடரின் மேற்கு முனையில், ஸ்பெயினிலும் பிரான்சிலுமாகப் பிரிந்து கிடக்கும் ஏழு மாநிலங்கள். ஸ்பெயின் பக்கம் பிஸ்காயா, கிபுஸ்கோவா, அராபா, நவார்ரா. பிரான்ஸ் பக்கம் லாபுர்தி, கீழ் நவார்ரா, சுபெரோவா. மொத்தம் சுமார் 30 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பாஸ்க் பேசத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 8 லட்சம். மொழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ஓரிடத்தில் எவுஸ்காரா, ஓரிடத்தில் எவுஸ்கெரா, இன்னோரிடத்தில் எஸ்குவாரா.

தமிழில் பாஸ்க் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தில்தான் நிற்பார்கள்: உலகில் எந்த மொழியோடும் உறவு காட்ட முடியாத தனிமொழி இது. உண்மைதான். காக்கேசிய மொழிகள், வட ஆப்பிரிக்காவின் பெர்பர், ஏன், திராவிட மொழிகளோடுகூட முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் நிற்கவில்லை. ரோமானியர் காலத்துக் கல்வெட்டுகளில் அகிட்டானியா பகுதி மக்களின் பெயர்கள் சில கிடைத்திருக்கின்றன. பாஸ்க்கின் பழைய வடிவம் என்று உறுதியாகக் கைகாட்ட முடிவது அதை மட்டும்தான். என்னைக் கேட்டால், மொழிக்கு வெளியே உறவு தேடுவதைவிட, உள்ளே அது எத்தனை விதமாகப் பிரிந்து கிடக்கிறது என்று பார்ப்பது சுவாரசியமானது.

வாரத்தின் நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பொது பாஸ்க்கில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை இப்படி: அஸ்தெயார்த்தியா, அஸ்தெயாஸ்கெனா, ஒஸ்தெகுனா, ஒஸ்திராலா, லாருன்பாத்தா, இகாந்தெயா. பிஸ்காயாவில் அதே நாட்கள்: மார்த்தித்செனா, எகுவாஸ்தெனா, எகுவெனா, பாரிகுவா, சப்பாத்துவா, தொமேகா. ஆறு நாளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. தொமேகா லத்தீனிலிருந்து வந்த ஆண்டவர் நாள். பாரிகுவா என்றால் இரவுச் சாப்பாடு இல்லாத நாள், கத்தோலிக்கரின் வெள்ளிக்கிழமை நோன்பின் தடம். பொது வழக்கில் திங்கள், செவ்வாய், புதனுக்கு உள்ள பெயர்களோ வாரத்தின் தொடக்கம், நடு, கடைசி என்ற பொருளில் இருக்கின்றன. அதை வைத்து, பழைய பாஸ்க் மக்களிடம் மூன்று நாள் வாரம் இருந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. பக்கத்துப் பக்கத்து மாநிலம். ஒன்று லத்தீன், கிறிஸ்தவத் தடமுள்ள சில பெயர்களை எடுத்துக்கொண்டது, மற்றது பழைய கணக்கை விடவில்லை போலிருக்கிறது.

உச்சரிப்புக்கு ஒரே ஒரு வினை போதும். சாப்பிடுவதற்கான சொல்லை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள், முதலெழுத்து ரோமன் ஜே. ஆனால் வாயிலிருந்து வரும்போது லாபுர்தியில் 'யான்', பிஸ்காயாவின் பல ஊர்களில் 'ஜான்', கிபுஸ்கோவாவில் தொண்டையிலிருந்து காறி வரும் ஸ்பானிய ஒலியோடு 'ஹான்', நவார்ராவில் சில இடங்களில் 'ஷான்'. சுபெரோவாவில் பிரெஞ்சுக்காரர்கள் 'ழான்' என்ற பெயரைச் சொல்வார்களே, அந்த ஒலி. ஒருவர் சாப்பிட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும்.

இன்னும் பொடியாக இறங்கலாம். மகள் என்பதற்கு 'அலாபா' என்று சொல். 'அந்த மகள்' என்று குறிக்கப் பின்னால் ஒரு 'ஆ' சேர வேண்டும். பொது வழக்கில் இரண்டு 'ஆ'வும் ஒன்றாகிச் சொல் அப்படியே நிற்கிறது. பிஸ்காயாவில் அது 'அலாபெயா' ஆகிறது. அடுத்த பள்ளத்தாக்கில் 'அலாபியா', அதற்கும் அப்பால் 'அலாபியெ'. அப்புறம் ராகம். கெர்னிகா, லெகெய்தியோ, ஒந்தார்ரோவா போன்ற வட பிஸ்காய ஊர்களின் பேச்சில் சுரம் ஏறி இறங்கும் முறை டோக்கியோ ஜப்பானிய மொழியின் முறையை ஒத்திருப்பதாக ஒலியியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான பாஸ்க் வழக்குகளில் அது இல்லை.

இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். வட்டார வேறுபாட்டின் மையம் துணைவினை. பாஸ்க்கில் பெரும்பாலான வினைகள் தனியாக நிற்பதில்லை, ஒரு துணைவினை கூட வரும். யார் செய்தது, எதைச் செய்தது, யாருக்குச் செய்தது என்ற மூன்று தகவலும் அந்தச் சின்னச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கும். செய்தவர் நான், செய்தது ஒரு பொருளை என்றால் பொது வழக்கில் 'துத்', பிஸ்காயாவில் 'தொத்', கிபுஸ்கோவாவில் 'தெத்'. சுபெரோவாவில் நடுவிலுள்ள உயிர், உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொன்னால் வருமே, அது. பக்கத்து கஸ்கோன் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்டது. 'அவனுக்கு அதைக் கொடுத்தேன்' என்றால் இடைவெளி இன்னும் கூடுகிறது: பொது வழக்கில் 'எமான் தியோத்', பிஸ்காயாவில் 'எமோன் தெவுத்சாத்', பிரான்ஸ் பக்கம் பல இடங்களில் 'எமான் தாகோத்'. ஒரு சொல் புரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் துணைவினையே மாறினால் என்ன செய்வது? பிஸ்காயா மீனவரும் சுபெரோவா ஆட்டிடையரும் சந்தித்தால் திணறித்தான் போவார்கள். ஒருவருக்குத் தெரிந்த இன்னொரு மொழி ஸ்பானியம், மற்றவருக்கு பிரெஞ்சு. ஆகவே மூன்றாவது மொழியும் கைகொடுக்காது. ஆனால் அடுத்தடுத்த ஊர்க்காரர்களுக்குள் எங்கேயும் சிக்கல் இல்லை. சங்கிலி அறுவதில்லை, இரண்டு முனைகள்தான் ஒன்றுக்கொன்று தொலைவு.

இதை முதன்முதலில் முறையாகப் பிடித்தவர் ஒரு இளவரசர். நெப்போலியனின் தம்பி மகன் லூயி லூசியன் போனபார்த், 1813இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வேதியியலில் தொடங்கி மொழிகளின் பக்கம் சாய்ந்தவர். 1856க்கும் 1869க்கும் இடையே ஐந்து முறை பாஸ்க் நாட்டுக்குப் போனார். தாமே போய்க் கேட்டது கொஞ்சம். ஊர் ஊராக ஆள் பிடித்தது அதிகம். சுபெரோவாவுக்குப் பாதிரியார் இன்சாவுஸ்பே, லாபுர்திக்குக் கேப்டன் துவாசென், தெற்கே பிரான்சிஸ்கத் துறவி உரியார்த்தே என்று ஒரு படையே அவருக்காக வேலை செய்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி விவிலியப் பகுதிகளையும் ஞானோபதேசத்தையும் கொடுத்து, உங்கள் ஊர் வழக்கில் எழுதுங்கள் என்றார். துவாசென் முழு விவிலியத்தையே லாபுர்தி வழக்கில் பெயர்த்துக் கொடுத்தார். ஒரே வாசகம், வேறு வேறு ஊர். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தானே துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒப்பிட அவர் பெரிதும் நம்பியது மேலே சொன்ன துணைவினையைத்தான். முடிவு 1863 என்று தேதியிட்ட வண்ண வரைபடம்: 8 வட்டார வழக்குகள், அவற்றுக்குள் 25 உட்பிரிவுகள், அவற்றுக்குள் 50 வகைகள். நூறாண்டுக்கும் மேல் இதுதான் வேதவாக்காக இருந்தது. 1998இல் கோல்தோ சுவாசோ என்ற மொழியியலாளர் புதிதாக அளந்து ஆறாகக் குறைத்தார்: மேற்கு, நடு, நவார்ரம், கிழக்கு நவார்ரம், நவார்ர லாபுர்தியம், சுபெரோவம். 'பிஸ்காய வழக்கு' என்பதை விட்டு 'மேற்கு வழக்கு' என்று அவர் பெயர் மாற்றியதில் அர்த்தம் இருக்கிறது. வழக்கின் எல்லையும் மாநில எல்லையும் ஒன்றல்ல. சுவாசோ பிறந்த எய்பார் கிபுஸ்கோவாவில்தான் இருக்கிறது, ஆனால் ஊர்ப் பேச்சு பிஸ்காயப் பக்கத்துப் பேச்சு.

சரி, இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது? மலைதான் காரணம், பள்ளத்தாக்குகள் மக்களைப் பிரித்துவிட்டன என்பது எல்லோரும் சொல்லும் பதில். பாதி உண்மை. பிரனீஸ் மலையைத் தாண்டியும் பொதுக்கூறுகள் இருக்கின்றன, சமவெளியிலும் பிளவுகள் இருக்கின்றன. இன்னொரு பழைய விளக்கம் ரோமானியர் குறிப்பிட்ட குலங்களைப் பிடித்துக்கொள்கிறது. காரிஸ்தியர் இருந்த இடத்தில் பிஸ்காய வழக்கு, வார்துலியர் இடத்தில் கிபுஸ்கோவ வழக்கு, வாஸ்கோனியர் இடத்தில் நவார்ர வழக்கு என்று வரைபடத்தின் மேல் வரைபடம் வைத்துக் காட்டும். அழகான கதை, தேசியவாதிகளுக்கும் பிடித்த கதை.

அதை உடைத்தவர் கோல்தோ மிச்செலேனா. 1915இல் எர்ரென்தெரியாவில் பிறந்து, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கம் நின்றதற்காகச் சர்வாதிகாரி பிராங்கோவின் சிறைகளில் ஆண்டுகளைக் கழித்து, பின்னாளில் பாஸ்க் வரலாற்று மொழியியலின் அடித்தளத்தையே போட்டவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இந்த வழக்குகள் ரோமானியர் காலத்திலிருந்தே பிரிந்து வந்தவை என்றால், இத்தனை ஒற்றுமை எப்படி மிஞ்சியது? லத்தீனிலிருந்து வந்த கடன்சொற்கள்கூட எல்லா வழக்கிலும் ஒரே விதமாக மாறியிருக்கின்றனவே? ஆகவே 5, 6ஆம் நூற்றாண்டு வாக்கில் எல்லோருக்கும் பொதுவான ஒரு பாஸ்க் இருந்திருக்க வேண்டும், பிளவு அதற்குப் பிறகுதான் என்றார். சுவாசோ இன்னும் ஒரு படி போகிறார். இடைக்காலத்தில் சில நகரங்கள் புதுவடிவங்களின் ஊற்றாக இருந்து சுற்றுவட்டாரத்துக்குப் பரப்பின என்பது அவர் கருத்து: மேற்கு வழக்குக்கு கஸ்தேயிஸ், நவார்ர வழக்குக்குப் பாம்ப்லோனா. பிற்காலத்தில் பாஸ்க் பேச்சு பெருமளவு அழிந்துபோனது இந்த இரண்டு நகரங்களிலும்தான் என்பது வேடிக்கை.

எனக்குத் தோன்றுவது, இல்லாத ஒன்றுதான் முக்கியக் காரணம். பாஸ்க் மொழிக்கு அரசவை இல்லை, பல்கலைக்கழகம் இல்லை, நீதிமன்றம் இல்லை. நவார்ரா அரசே தன் ஆவணங்களை லத்தீனிலும் லத்தீனிலிருந்து பிறந்த மொழிகளிலும்தான் எழுதியது. முதல் பாஸ்க் புத்தகம் 1545இல்தான் வந்தது. பெர்னார்த் எச்செபாரே என்ற பாதிரியாரின் கவிதைத் தொகுப்பு, பொர்தோவில் அச்சானது. ஊர்களை ஒரு பக்கமாக இழுக்கும் மையம் எதுவுமில்லை. போதாக்குறைக்கு நடுவில் இரண்டு அரசுகளின் எல்லைக்கோடு.

மையம் வெளியிலிருந்து வந்தபோது ஸ்பானியமும் பிரெஞ்சுமாக வந்தது, வழக்குகள் சாகத் தொடங்கின. அராபாவின் வழக்கை இன்று அறிய நமக்குள்ள பெரிய சாட்சி, நிக்கோலோ லாந்துச்சி என்ற இத்தாலியர் 1562இல் தொகுத்த கையெழுத்து அகராதி. நவார்ராவின் தெற்குப் பகுதி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கரைந்தது. போனபார்த் வரைபடத்தில் இருக்கும் தென் உயர் நவார்ர வழக்கின் பெரும்பகுதிக்கு இன்று ஆள் இல்லை. பாஸ்க் பேசிய பிள்ளையின் கையில் ஆசிரியர் ஒரு மோதிரத்தைக் கொடுப்பார். அவன் பாஸ்க் பேசும் இன்னொருவனைப் பிடித்து அதைத் தள்ளிவிட வேண்டும். கடைசியில் யார் கையில் இருக்கிறதோ அவனுக்கு அடி. எல்லையின் இரு பக்கமும் இந்த வித்தை நடந்தது.

நவார்ராவின் கிழக்கே ரொங்கால் பள்ளத்தாக்கின் கதை தனி. ஆண்கள் குளிர்காலத்தில் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே பார்தெனாஸ் தரிசுக்குப் போவார்கள், திரும்பி வரும்போது நாக்கில் ஸ்பானியம். இளம்பெண்களோ இலையுதிர்காலத்தில் மலை தாண்டி சுபெரோவாவின் மொலெயோன் நகருக்குக் கயிற்றுச் செருப்பு தைக்கப் போவார்கள், வசந்தத்தில் வருவார்கள். தகைவிலான் குருவிகள் என்றே அவர்களுக்குப் பெயர். அங்கே காதில் விழுந்தது பாஸ்க். ரொங்கால் வழக்கைப் பேசிய கடைசி மனிதரும் ஒரு பெண்தான்: ஃபிதெலா பெர்னாத், 1991இல் இறந்தார்.

இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் 1968 புரியும். பாஸ்க் மொழிக் கழகமான எவுஸ்கால்ட்சைந்தியா 1919இல் தொடங்கியதே பொது எழுத்து மொழி ஒன்றை உண்டாக்கும் எண்ணத்தோடுதான். ஆனால் எதை அடிப்படையாக வைப்பது என்பதில் அரை நூற்றாண்டு இழுபறி. முதல் தலைவர் அஸ்குவே 1930களில் கிபுஸ்கோவ வழக்கை நிரப்பிச் செம்மை செய்யலாம் என்றார். பின்னாளில் கிருத்விக் என்பவர், லெய்சார்ராகாவும் 17ஆம் நூற்றாண்டின் அசுலாரும் எழுதிய பழைய லாபுர்தி நடையே செம்மொழி, அதற்குத் திரும்புவோம் என்றார். பிஸ்காயாக்காரர்கள் இரண்டையும் முறைத்தார்கள். இதற்கிடையே வந்தது பிராங்கோ ஆட்சி. பாஸ்க் பொதுவெளியிலிருந்தே துரத்தப்பட்டது, விவாதம் கிடப்பில் போயிற்று.

1960களில் ரகசியமாகவும் அரைகுறை அனுமதியோடும் இகாஸ்தொலா என்ற பாஸ்க் வழிப் பள்ளிகள் முளைத்தபோது கேள்வி தள்ளிப்போட முடியாததாயிற்று. பிள்ளைக்கு எந்தப் பாடப்புத்தகம்? 1968 அக்டோபரில் அரான்ட்சாசு மலைக்கோயிலில் கழகம் கூடியது. அடிப்படை அறிக்கை மிச்செலேனா எழுதியது. பொது வடிவம் கிடைப்பது மொழிக்கு வாழ்வா சாவா என்ற பிரச்சினை, அழகு பார்க்க இப்போது நேரமில்லை என்பதே அதன் தொனி. நடுவில் இருக்கும் கிபுஸ்கோவ, நவார்ர வழக்குகளை முதுகெலும்பாக வைத்து, லாபுர்தியின் எழுத்து மரபையும் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது. அதுதான் பத்துவா, அதாவது பொது பாஸ்க். ஒரு சின்னத் தகவல்: அரான்ட்சாசு இருக்கும் ஒன்யாத்தி கிபுஸ்கோவாவைச் சேர்ந்தது, ஆனால் ஊர்ப் பேச்சு மேற்கு வழக்கு. எந்த வழக்கு ஒதுக்கப்பட்டதோ அதைப் பேசும் ஊரில்தான் தீர்மானம் போட்டார்கள்.

சண்டை வெடித்தது வினை வடிவங்களில் அல்ல, 'ஹ' என்ற ஒரே எழுத்தில். பிரான்ஸ் பக்கம் அந்த ஒலி உயிரோடு இருந்தது, ஸ்பெயின் பக்கம் நூற்றாண்டுகளுக்கு முன்பே செத்துவிட்டது. கிழவர் என்பதற்கான சொல்லை வடக்கே 'சஹார்' என்பார்கள், தெற்கே 'சார்'. எழுதும்போது 'ஹ' போட வேண்டும் என்றதும் தெற்கில் ஒரு தலைமுறையே கொதித்தது. நாங்கள் உச்சரிக்காத எழுத்தை எங்கள் பிள்ளைகள் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று மூத்த எழுத்தாளர்கள் கேட்டார்கள். இளைஞர்களும் இடதுசாரிகளும் 'ஹ' போட்டு எழுதினார்கள். பக்தியும் பழைமையும் உள்ளவர்கள் போடாமல் எழுதினார்கள். ஒருவர் எழுதிய ஒரு பத்தியைப் பார்த்தால் அவர் அரசியல் தெரிந்துவிடும் என்ற நிலை. கடைசியில் வந்தது சமரசம்: சொல்லின் முதலிலும் இரண்டு உயிர்களுக்கு நடுவிலும் 'ஹ' உண்டு, மெய்யெழுத்துக்குப் பின்னால் கிடையாது. வடக்கின் 'அல்ஹாபா' பொது வழக்கில் 'அலாபா' ஆனது இப்படித்தான். 1978இல் பெர்காராவில் கழகம் மறுபடி கூடியபோது பத்துவா வேரூன்றிவிட்டது தெளிவாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு வந்த தன்னாட்சிச் சட்டம் ஸ்பெயின் பக்கம் மூன்று மாநிலங்களில் பாஸ்க்கை ஆட்சிமொழியாக்கியது. பள்ளி, தொலைக்காட்சி, அரசாணை எல்லாம் பத்துவாவில் நடக்கத் தொடங்கின.

பத்துவா வட்டார வழக்குகளைக் கொன்றுவிடும் என்று அன்று எதிர்த்தவர்கள் பயந்தார்கள். இன்றும் சிலர் கொன்றுவிட்டது என்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. அராபா, தென் நவார்ரா வழக்குகள் மடிந்தபோது பத்துவா பிறக்கவே இல்லை. ரொங்கால் வழக்கும் அதற்கு முன்பே குற்றுயிராகிவிட்டது. அங்கெல்லாம் பாஸ்க்கின் இடத்தில் வந்து உட்கார்ந்தது ஸ்பானியம். தன்னாட்சிப் பகுதியில் 1991இல் 24 சதவீதமாக இருந்த பாஸ்க் பேசுவோர் 2021 கணக்கெடுப்பில் 36 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறார்கள். பிரான்ஸ் பக்கம் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதியே இல்லை, அங்கே 20 சதவீதம்தான். பள்ளிக்கூடத்தில் நுழைய ஒரு பொது வடிவம் இல்லாமல் முதல் எண் ஏறியிருக்காது.

ஆனால் எதிர்த்தவர்கள் சொன்னதில் ஒரு பகுதி பலித்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஸ்பானியம் பேசி, பள்ளியில் பாஸ்க் படித்தவர்கள். அவர்களுக்கு ஊர் வழக்கு என்று ஒன்று கிடையாது. பிஸ்காயாவின் பெருநகரமான பில்பாவோவில் வளரும் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை ஒஸ்திராலாதான். ஊரில் இருக்கும் பாட்டி பாரிகுவா என்றால் சிரிக்கும், அல்லது பாட்டி தப்பாகப் பேசுகிறாள் என்று நினைக்கும். இந்த இரண்டாவதுதான் வம்பு. படிக்காதவர்களே தங்கள் பாஸ்க் சரியில்லை என்று கூச்சப்பட்டுக்கொண்டு, பிள்ளைகளிடம் ஸ்பானியத்துக்கு மாறிய கதைகள் உண்டு. பிஸ்காயாவில் உள்ளூர் வழக்கிலேயே ஒலிபரப்பும் வானொலி இருக்கிறது, சுபெரோவாவில் சிபெரோகோ போத்சா என்ற வானொலி இருக்கிறது. சுபெரோவாவில் கோடைதோறும் ஏதாவது ஒரு ஊர் கூடி பாஸ்தொராலா என்ற திறந்தவெளி நாடகத்தைத் தன் வழக்கிலேயே பாடி ஆடுகிறது. அரங்கேறுபவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்ல, அந்த ஊர் ஜனங்கள். பாட்டாகக் கற்பதால் பேச வராத இளைஞர் வாயிலும் சுபெரோவ உயிரொலிகள் நிற்கின்றன என்பது கூடுதல் லாபம்.

பத்துவாவால் எளிதில் தொட முடியாத ஒரு மூலை இருக்கிறது: ஹிகா என்ற நெருக்கப் பேச்சு. தமிழில் 'வந்தேண்டா', 'வந்தேண்டி' என்று கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறோம் அல்லவா, அதுபோல பாஸ்க் துணைவினைக்குள்ளேயே கேட்பவர் ஆணா பெண்ணா என்பது ஏறிவிடும். 'வந்தேன்' பொதுவாக 'எதோர்ரி நைஸ்'. நெருங்கிய ஆணிடம் 'எதோர்ரி நவுக்', பெண்ணிடம் 'எதோர்ரி நவுன்'. கிழக்கே சுபெரோவாவில் மரியாதைப் பேச்சுக்கும் இப்படித் தனி வடிவம் உண்டு, மேற்கே கிடையாது. ஆணிடம் பேசும் தோகா இன்னும் நண்பர் கூட்டங்களில் ஓடுகிறது. பெண்ணிடம் பேசும் நோகா வேகமாக ஒடுங்கியது. பெண்பிள்ளை வாயில் அது முரட்டுப் பேச்சு என்று பாதிரிகளும் பள்ளிகளும் சொல்லிச் சொல்லி அடக்கிவிட்டார்கள். இப்போது கிபுஸ்கோவாவின் சில ஊர்களில் பெண்களே கூடி நோகா வகுப்பு நடத்துகிறார்கள். கழகம் 1990களில் ஹிகாவுக்கும் பொது வடிவப் பட்டியல் வெளியிட்டது. ஆனாலும் ஹிகா ஊர்த் திண்ணைப் பேச்சு, அதை எந்த வடிவத்தில் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டால் ஊருக்கு ஊர் பதில் மாறுகிறது. அதற்கென்று உள்ளூர் வடிவங்களைத் திரட்டிய கையேடுகளும் வந்துகொண்டிருக்கின்றன.